ஜெர்மன் காரில் நான் அடைத்த குழாய்

சாமி,

இங்கு அனைவரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் அம்மா நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், வாயை மட்டும் திறப்பதில்லை. அவள் கோபம் நியாயமானது. அது ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உனக்கும் தெரிந்துவிடும். நின்றுகொண்டே படிக்காதே. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் எங்காவது ஓரமாக உட்கார்ந்து, டீ ஒன்று சொல்லிவிட்டு, நிதானமாகப் படி.

நாமக்கல்லிலிருந்து நீ போட்ட கடிதம் திங்கட்கிழமை வந்தது. சங்ககிரிச் சம்பந்தத்தை விட்டுவிடலாம், வெள்ளிக்கிழமை பெரியவர்கள் நாலு பேர் போய் வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். நிச்சயம் முடிந்த ஒன்பதாம் நாள் தொப்பூர்க் கணவாயில் உன் லாரி கவிழ்ந்தது. கிளீனருக்குக் கால் முறிந்தது. அடுத்த மாதம் உன் தாய்மாமன் போய்ச் சேர்ந்தான். அந்தப் பெண் சுமதி இன்னும் நம் வாசப்படி மிதிக்கவில்லை, அதற்குள் இவ்வளவு நடந்துவிட்டது, வந்தால் என்ன ஆகுமோ என்று உன் அம்மாவும் சித்தியும் சொல்கிறார்கள். நீயும் தலையை ஆட்டிவிட்டாய். சாமி, உன் லாரி கவிழ்ந்தது பிரேக் லைனிங் தேய்ந்ததால். தீபாவளிக்கு முன்னாலேயே நான் படித்துப் படித்துச் சொன்னேன், இந்த நடை போய்விட்டு வந்து பார்க்கலாம் என்றாய். உன் மாமன் செத்தது குடித்துக் குடித்து ஈரல் கெட்டதால். இதில் சங்ககிரியில் தன் பாட்டுக்கு இருக்கிற பெண் எங்கே வந்தாள்?

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, ‘மல்லசமுத்திரத்தில் நடந்தது நம் வீட்டில் நடக்க வேண்டுமா அப்பா’ என்று, அந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் படித்துவிட்டு அரை நாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடந்தது என்று உனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்னது. நீ அப்போது சேலத்தில், அஸ்தம்பட்டியில் உன் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது உனக்கும் சொன்னார்கள். பழனியப்ப கவுண்டர் வீட்டு மருமகள் கல்யாணக் காரைவிட்டு இறங்கி வலது காலை மண்ணில் வைத்தாள், வைத்த நிமிஷம் கார் பற்றிக்கொண்டது, மாமனார் வெந்து செத்தார், அப்படிப்பட்ட கால் அவளுக்கு என்று. பத்து வருஷமாக இந்தப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் முறிய வேண்டுமானால் இந்தக் கதையைத்தான் எடுத்து முன்னால் வைக்கிறார்கள். அந்தக் காரைப் பிரித்துப் பூட்டியவன் நான். அது ஏன் எரிந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்தக் கார் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் துரையிடம் இருந்தது. அவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். இரண்டு மூன்று கை மாறிக் கடைசியில் பழனியப்ப கவுண்டரிடம் வந்தது. ஜெர்மன் கார், பால் வெள்ளை நிறம், உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் ஓடாது. உனக்கு டீசல் வண்டிதான் பழக்கம், அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் நம் ஊரில் ஓடிய பெட்ரோல் கார் எல்லாவற்றுக்கும் கார்பரேட்டர்தான். இந்த வண்டியில் அது கிடையாது. லாரிக்கு இருப்பது போல ஒரு இன்ஜெக்‌ஷன் பம்பு வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாயில் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கிற ஏற்பாடு. அந்தப் பம்பு கெட்டுப்போயிருந்தது. சேலத்தில் கையை விரித்துவிட்டார்கள், கோயமுத்தூரிலும் அப்படித்தான். மெட்ராஸில் ஒருவர், பம்பைக் கழற்றி ஜெர்மனிக்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். எமர்ஜென்சி சமயம் வேறு, எதை வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் ஆயிரம் கேள்வி. கார் ஒரு வருஷம் மாட்டுக் கொட்டகையில் சோளத்தட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

கவுண்டருக்கு ஒரே மகன், செல்வராசு. அவனுக்கு ராசிபுரம் பக்கத்தில் பெண் பார்த்து நாள் குறித்துவிட்டார்கள். மருமகளை அந்தக் காரில்தான் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது கவுண்டருடைய ஆசை. நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு. நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்று கேட்டார்: “ஏனுங்க மேஸ்திரி, பெரிய பெரிய ஆளுகெல்லாம் கைய விரிச்சிட்டாங்க. உங்களால முடியுங்களா?” யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சுற்றி நாலு லாரி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். முடியுங்க என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானே வாயைக் கொடுத்தேன். நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இந்த ஐம்பத்தெட்டு வயசிலும் நாக்கு வளையவில்லை. அந்தப் புத்தி உனக்கும் வந்திருக்கிறது, அதுதான் எனக்குப் பயம்.

வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பெருமைக்காக இல்லை. கார்பரேட்டர் வைப்பதென்றால் ஏதோ ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது அல்ல. இன்ஜெக்‌ஷன் பம்பை எடுத்த இடத்தில் பெரிய ஓட்டை, அதை இரும்புத் தகடு வெட்டி மூட வேண்டும். பெட்ரோல் பீய்ச்சும் முனைகளைக் கழற்றினால் ஆறு துளைகள், ஆறுக்கும் பித்தளையில் மரை வெட்டி அடைக்க வேண்டும். அம்பாசடர் கார்பரேட்டர் ஒன்றை அதில் உட்கார வைக்கச் சாய்வாக ஒரு குழல் வேண்டும். இதையெல்லாம் சேலத்தில் லேத் வைத்திருந்த இப்ராஹிம் பாய் கடைந்து கொடுத்தார். மனுஷன் பேசவே மாட்டார், கை மட்டும் பேசும். குழலைக் கையில் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார், டாங்க்கிலிருந்து பெட்ரோல் தள்ளுகிற கரண்டுப் பம்பை என்ன செய்யப்போகிறேன் என்று. அதுவே இருக்கட்டும், நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “அது தள்ளுற தள்ளுக்கு உங்க கார்பரேட்டர் ஊசி நிக்காது மேஸ்திரி. பம்ப மாத்துங்க” என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கார்பரேட்டருக்குள் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் மிதவை ஒன்று, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிற பந்து மாதிரி. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே வந்து ஒரு ஊசியைத் தூக்கி வழியை அடைக்கும். லேசாக வருகிற பெட்ரோலைத்தான் அந்த ஊசியால் தடுக்க முடியும். ஜெர்மன் காரின் பம்போ பின்னாலிருந்து மூர்க்கமாகத் தள்ளும். ஊசி தோற்றுவிட்டால் பெட்ரோல் பொங்கி வழிந்து என்ஜின் மேல் கொட்டும். லேசான பம்பு மெட்ராஸிலிருந்து வரப் பத்து நாள் ஆகும், கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. அதனால் ஒரு வழி செய்தேன். கார்பரேட்டருக்குப் போகும் குழாயில் நடுவில் ஒரு கிளை வைத்து, மிஞ்சுகிற பெட்ரோல் மறுபடி டாங்க்குக்கே திரும்பிப் போகும்படி பைப் இழுத்தேன். அந்தத் திரும்பும் பைப் இருக்கும்வரை ஆபத்தில்லை. முதல் முறை என்ஜின் பிடித்தபோது ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் கை தட்டினார்கள். நானே காரை எடுத்துத் திருச்செங்கோட்டில் தேர் வீதிகளைச் சுற்றி வந்தேன். அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காரைத் துடைத்து வைத்துவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குப்பென்று பெட்ரோல் நாற்றம். குனிந்து பார்த்தால், அந்தத் திரும்பும் பைப்பில் டாங்க்குக்குப் பக்கத்தில் இருந்த பழைய ரப்பர்த் துண்டு வெடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தாங்கும் ரப்பர் நம் கடைகளில் அந்த அளவில் கிடையாது. சேலத்துக்குப் போனால் கடை அடைத்திருப்பான். கல்யாணப் பெண் உட்காரப்போகிற சீட்டு, பட்டுப்புடவையில் நாற்றம் ஏறினால் கவுண்டர் என்ன நினைப்பார் என்றுதான் என் மூளை ஓடியது. அந்தப் பைப்பை அறுத்து, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி, கம்பி கட்டி இறுக்கிவிட்டேன். சொட்டு நின்றது, நாற்றமும் நின்றது. ஓடுகிற வண்டி வருகிற பெட்ரோலைக் குடித்துவிடும், கல்யாணம் முடிந்ததும் சரி செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த நடை போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று நீ சொன்னாயே, அதே பேச்சு. கவுண்டரிடம் போய், கார் வேண்டாம், அம்பாசடரில் போங்கள் என்று சொல்ல எனக்கு முழுசாக ஒரு இரவு நேரம் இருந்தது. நான் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

காலையில் ராசிபுரத்தில் தாலி கட்டு முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பின்சீட்டில், நான்தான் ஓட்டினேன், வேறு யாரிடமும் சாவி கொடுக்க மனசு வரவில்லை. பெண் பேர் மரகதம். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். வழியெல்லாம் பின்னால் கரும்புகை, பெட்ரோல் அதிகம் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. மல்லசமுத்திரம் வந்து பந்தல் முன்னால் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். மேளம் முழங்குகிறது, ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். கவுண்டர், பானெட்டைத் தூக்கச் சொன்னார். கோயமுத்தூர் உறவுக்காரர்கள் பார்க்க வேண்டுமாம், அவர்கள் ஊர் ஆட்கள் முடியாது என்றதை நம் ஊர் ஆள் செய்திருப்பதை. எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி சீட்டில் வந்து உட்கார்ந்து, அவர் சொன்னதும் ஸ்டார்ட் செய்து காட்ட வசதியாக, சாவியைப் பாதி திருப்பி வைத்தேன். சாவி திரும்பினால் பின்னால் பம்பு ஓட ஆரம்பித்துவிடும். என்ஜின் ஓடவில்லை, குடிக்க ஆளில்லை, திரும்பிப் போகும் வழியையும் நான் அடைத்துவிட்டேன். வேறெங்கே போகும்?

திருஷ்டி சுற்றப் பூசணிக்காய் மேல் கற்பூரம் வைத்து ஒரு ஆள் ஏற்றினான். கவுண்டர், என் வண்டிக்கு நானே சுற்றுகிறேன் என்று அதை வாங்கிக்கொண்டார். அப்போது எனக்குப் பெட்ரோல் வாசம் வந்தது. சாமி, இதை நன்றாகக் கேள். மூன்று முறை மூச்சு இழுத்துவிடுகிற நேரம் எனக்கு வாசம் வந்தது. கை சாவி மேல்தான் இருந்தது. திருப்பி அணைத்திருக்கலாம், தள்ளிப் போங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். கோயமுத்தூர்க்காரர்கள் முன்னால் இறங்கி நின்று, வண்டி ஒழுகுகிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். பெண்கள் மரகதத்தைக் கூப்பிட்டார்கள், அவள் கதவைத் திறந்து வலது காலைக் கீழே வைத்தாள். இரண்டாவது சுற்றில் கற்பூரம் திறந்த பானெட்டுக்கு மேலே வந்தது. அவ்வளவுதான்.

எல்லாரும் பின்னால் ஓடினார்கள், நானும் ஓடினேன். முன்னால் ஓடியவள் மரகதம் ஒருத்திதான். கழுத்தில் மாலையோடு போய், எரிகிற துண்டையும் சட்டையையும் கவுண்டர் உடம்பிலிருந்து இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தாள். ஆரத்தித் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். அவள் உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஊர் சொல்லும் கதையில் இது வருவதே இல்லை, கவனித்தாயா? மண்ணை வாரி இறைத்துத் தீயை அணைத்து, கவுண்டரைச் சேலத்துக்கு ஏற்றி அனுப்பின பிறகு செல்வராசு என்னிடம் வந்தான். அப்பன் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்த கறை அவன் வேட்டியில் இருந்தது. “ஏனுங்க மேஸ்திரி, வண்டில ஏதாச்சும் கோளாறுங்களா?” என்று கேட்டான். அவன் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் சொன்னேன்: “வண்டில ஒண்ணுமில்லீங்க. எல்லாம் கெரகமுங்க.”

அவள் பேரை நான் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன். ஆனால் கிரகம் என்று சொன்னால் அடுத்த கேள்வி யாருடைய கிரகம் என்பதுதானே. பந்தலில் நின்ற ஒரு பெண்பிள்ளை அதைக் கேட்டும் விட்டாள். எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். வெந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரகதம் பந்தல் காலில் சாய்ந்து நின்றாள். கையில் தடவ மஞ்சளோ எண்ணெயோ கொண்டுவர ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் எரிந்த காரை இழுத்துவர என்னையே கூப்பிட்டார்கள். இழுத்து வந்ததும் முதல் வேலையாக அந்தப் போல்ட்டைப் பிடுங்கி எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன். கவுண்டர் எட்டு நாள் கிடந்து போய்விட்டார். காரியம் முடிந்ததும், கொஞ்ச நாள் தாய் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று மரகதத்தை அனுப்பினார்கள். கூப்பிடப் போகவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துச் செல்வராசுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கும் வண்டி பார்த்துக் கொடுத்தவன் நான்தான், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தேன். ஓடாத ஜெர்மன் காரை ஓட வைத்த கை என்று அதற்குப் பிறகு தூரத்திலிருந்தெல்லாம் எனக்கு வேலை வந்தது. எனக்குக் கைராசி என்றார்கள். நீ படித்ததும் நம் வீடு எழும்பியதும் அந்தப் பேரில்தான். இதை எழுதும்போது எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

கார் எரிந்து இரண்டு மாதம் இருக்கும், நீ அத்தை வீட்டு ரேடியோவைக் கீழே போட்டு உடைத்துவிட்டுப் பூனை தள்ளிவிட்டது என்று சொன்னாய். விஷயம் தெரிந்து நான் அஸ்தம்பட்டிக்குப் பஸ் ஏறி வந்து, பெல்ட்டைக் கழற்றி உன்னை அடித்தேன். உடைத்தவன் உடைத்தேன் என்று சொல்ல வேண்டும், ஊமைப் பிராணி மேல் பழி போடுகிறவன் என் பிள்ளையே இல்லை என்று கத்தினேன். உன் அத்தை பயந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அந்த அடி உனக்குப் போட்ட அடி இல்லை, சாமி. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, என்னை மன்னித்துவிடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் ஜெனரேட்டர் பார்க்கப் போனேன். கரண்ட் இல்லை, தறி எல்லாம் நின்று கொட்டகை அமைதியாக இருந்தது. ஓரத்தில் ஒரு பெண் கை ராட்டையில் நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக்கொண்டிருந்தாள், தார் சுற்றுவது என்பார்களே, அந்த வேலை. விரல்கள் முழுசாக மடங்கவில்லை, உள்ளங்கையால் நூலைத் தள்ளித் தள்ளிவிட்டாள். நான் அவளைக் கண்டுகொள்வதற்கு முன்னால் அவள் என்னைக் கண்டுகொண்டாள். நல்லா இருக்கீங்களா மேஸ்திரி என்று கேட்டாள், உன்னைப் பற்றிக்கூட விசாரித்தாள். அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அண்ணன் மகள் பெரியவளானபோது சீர் முடியும்வரை இவள் பின்கட்டிலேயே இருந்துகொண்டாளாம், யாரும் சொல்லாமல் தானே. அதை ஒரு சாதாரண விஷயம் மாதிரி சொன்னாள். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. போல்ட், பைப், பம்பு, சாவி, வாசம் வந்தது, கிரகம் என்று சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ராட்டையை நிறுத்தாமலே கேட்டாள். அழுவாள், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?” என்றாள். “நான் ஒண்ணும் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. சொல்றப்ப எம் பேரச் சொல்லியே சொல்லுங்க. கார எரிச்சவ, கார எரிச்சவன்னு சொல்லிச் சொல்லி ஊருக்கு எம் பேரே மறந்து போச்சு.” அதோடு ஜெனரேட்டர் எப்போது ஆகும் என்று கேட்டுவிட்டு நூலைப் பார்க்க ஆரம்பித்தாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். திருச்செங்கோடு பஸ் ஏறியபோது நாளைக்கே என்று நினைத்தேன். அப்புறம் நீ லாரி வாங்கினது, அப்புறம் உன் கல்யாணப் பேச்சு. நம் பேர் கெட்டால் உனக்குப் பெண் கிடைக்காதே என்று ஒரு சாக்கு. இரண்டு வருஷம் போனது. அந்தச் சாக்கில் வந்த சம்பந்தத்தைத்தான் நீ அவள் கதையைச் சொல்லி முறிக்கப் பார்க்கிறாய்.

நேற்று மத்தியானம் இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், “அந்தப் புள்ள எதுர்ல வந்தா சகுனம் ஆகாதுன்னு நான் எத்தன தடவ வழி மாறிப் போயிருக்கறேன் தெரியுங்களா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சங்ககிரிப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் காலையில் மல்லசமுத்திரம் போய்ச் செல்வராசுவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவன் என்னை அடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளையும் மரகதத்தின் வீட்டாரையும் வைத்துப் பேச வரச் சொல்லி ஆள் விட்டிருக்கிறான். போகிறேன். அவர்கள் போலீசுக்குப் போனாலும் சரி, ஒர்க்‌ஷாப்பை மூடச் சொன்னாலும் சரி. நீ அன்றைக்கு என்னோடு வராதே, அது என் வேலை.

உன் வேலை வெள்ளிக்கிழமை. பெரியவர்களோடு நீயும் சங்ககிரிக்குப் போ. வெற்றிலை பாக்கில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அந்த வீட்டுக் கூடத்தில் நின்று, உள்ளே இருக்கிற சுமதிக்கும் கேட்கும்படி, சத்தமாகப் படி. என்னைப் பற்றி வருகிற இடங்களை முழுங்காதே. மரகதத்தின் பேர் வருகிற இடங்களைத் தெளிவாகப் படி. உனக்குக் குரல் வராவிட்டால் சுமதியிடமே கொடுத்துவிடு, அவள் படிக்கட்டும். படித்த பிறகும் உனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் நான் உன்னைக் கட்டாயப்படுத்தப்போவதில்லை. எனக்கு வேண்டாம் என்று உன் வாயால், உன் பேரில் சொல்லிவிட்டு வா. அவள் ராசி என்று மட்டும் சொல்லாதே. அந்த மாதிரி வார்த்தையை நான் ஒரே ஒரு முறைதான் சொன்னேன், சாமி. மடங்காத விரலோடு மரகதம் இன்றைக்கும் பள்ளிபாளையத்தில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா